சூளைக்குழிப் பகை

மார்ல்பெரி,
அக்டோபர், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜில்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஆண்ட்ரூவும் பிள்ளைகளும் நோய்நொடி அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால், முழங்காலை விட்டுவிட்டால் ஒரு குறையும் இல்லை, வேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, கோபமும் முன்போலவே வருகிறது, ஆகவே நான் சுகம்தான். பக்கத்து வீட்டு ஆப்பிள் மரம் இந்த வருஷம் நம் வேலிப்பக்கமாகவே காய்த்துக் கொட்டிவிட்டது, என் சிநேகிதி பெவ் இரண்டு கூடை வாங்கிப் போனாள், மீதியை வேகவைத்துப் பாட்டிலில் அடைத்திருக்கிறேன். கூரை ஓரத்துக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பழுது பார்க்க வருகிறேன் என்றவன் ஈஸ்டருக்கு முன்னால் சொன்னான், எந்த ஈஸ்டர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆல்பர்ட் பூங்காவில் பந்து உருட்டி ஆடுகிற பௌலிங் புல்தரையை மூடிவிட்டார்கள், அன்னங்கள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரைச் சீறுகின்றன. அவற்றைப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்டாயே, “அம்மா, அந்த மனுஷன ஊரே சேந்து விரட்டிட்டீங்களாமே, பெவ்வோட பொண்ணு எழுதியிருந்தா, இது கொஞ்சம் அதிகமா உனக்கே படலையா” என்று. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. தொலைபேசியில் நீ நடுவில் பேசுவாய், ஆண்ட்ரூ பின்னாலிருந்து இருமுவார், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழுவதும் படி. படித்துவிட்டு அதிகமா இல்லையா என்று நீயே சொல்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அங்கே இருந்தபடி நீ பாதியைத்தான் பார்த்தாய். வேலையை விட்ட நாளிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரே நடைதான், வீட்டிலிருந்து ஆல்பர்ட் பூங்கா, கால்வாய்ப் பாலம் தாண்டி, செங்கல் சூளைக்கு மண் தோண்டின குழிகள் குளமாகிப் பறவைகள் தங்குகிற சூளைக்குழிக் காப்பிடம், அதைச் சுற்றிவிட்டு ஹேசல் தோப்பு வழியாக வீடு. பேருந்து ஓட்டின காலத்தில் உட்கார்ந்தே தேய்ந்துபோன முதுகு நடந்தால்தான் நிமிரும் என்பார். பிறகு டாக்டர் அடிக்கடி சிறுநீர் போகவைக்கிற அந்த மாத்திரையைக் கொடுத்தார். பூங்காவில் கழிப்பறை இருந்தவரை அதுவும் பிரச்சினையாக இல்லை. நகரசபை செலவைக் குறைக்கிறேன் என்று அதைப் பூட்டியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பரில் ஒரு காலை அப்பா பாவம் எவ்வளவோ அடக்கிப் பார்த்திருக்கிறார், சூளைக்குழி வரைக்கும் வந்துவிட்டார், அதற்குமேல் முடியாமல் பாதையை விட்டு இறங்கி ஒரு வில்லோ மரத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். எதிர்க்கரையில் ரோலண்ட் டென்பி கேமராவோடு உட்கார்ந்திருந்தான். மீன்கொத்தியைப் படம் பிடிக்க வந்தவன் உன் அப்பாவைப் பிடித்தான்.

ரோலண்ட் டென்பி யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டும், நீ இருந்த காலத்தில் அவன் இங்கே இல்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பனிக்காலத்திலும் அரைக்கால்சட்டை, கழுத்தில் ஒரு விசில். காப்பிடத்தைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்கள் ஒரு நண்பர் சங்கம் வைத்திருக்கிறார்கள், அதற்கு அவன்தான் தலைவன், அவனை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இங்கே நாய் கூடாது, இங்கே தூண்டில் கூடாது, இங்கே குழந்தைவண்டி கூடாது என்று மரத்துக்கு மரம் அறிவிப்பு மாட்டி வைத்திருந்தான், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு. அந்தப் படத்தை அவன் ஊர் இணையப் பக்கத்தில் போட்டான். கீழே என்ன எழுதினான் என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். “நம் காப்பிடத்தைக் கக்கூஸாக்கும் அசிங்கம் பிடித்த கிழவன். தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லவும்.” முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. ஆனால் தலையில் நான் பின்னிக் கொடுத்த கடுகு நிறக் குல்லா இருந்தது, அந்தக் குல்லாவைத் தெரியாதவர் இந்த ஊரில் யார். சாயங்காலத்துக்குள் பெயரும் தெருவும் எழுதிவிட்டார்கள், சிரிப்புப் பொம்மைகளோடு. இரண்டு மாதம் கழித்துப் படத்தை எடுத்துவிட்டானாம். மணி அடித்து முடித்த பிறகு நாக்கைக் கழற்றி என்ன பயன்.

அப்பா குல்லாவைக் கழற்றி மாட்டினார், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். மறுநாள், நடைக்குக் கிளம்பலையா என்று கேட்டேன், கால் கொஞ்சம் கனக்குது என்றார். ரொட்டி வாங்க ஒரு தரம் போய்விட்டு வந்தார், பேருந்து நிறுத்தத்தில் நின்ற பையன்கள் உஸ் உஸ் என்று சத்தம் கொடுத்திருக்கிறார்கள், அன்றிலிருந்து அதுவும் இல்லை. திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இலை உதிர்ந்தது, பனி விழுந்தது, பிப்ரவரியில் ஒரு மதியம் தேநீர்க் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் இதயம் என்றார். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

அடக்கத்துக்கு நீ வந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, அதை மறந்துடும்மா, அந்த ஆளுக்கு அப்பா யாருன்னே தெரிஞ்சிருக்காது என்றாய். பாதிரியாரும் மன்னிப்பைப் பற்றி நன்றாகப் பேசினார். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவது எனக்குப் பழக்கம்தான், காலுறை ஆலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தபோது முதலாளி பேசும்போதெல்லாம் ஆட்டியிருக்கிறேன், பிறகு வெளியே வந்து இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறேன். அங்கே நான் கற்றது ஒன்றுதான் ஜில்லி, எவனையும் வாசலில் நின்று ஏசி யாரும் ஜெயித்ததில்லை. உள்ளே போய் உட்கார வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், கூட்டத்து நாள் வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது.

உன்னை விமானம் ஏற்றிவிட்ட பிறகு வந்த ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, அப்பாவின் தோட்டத்துப் பூட்ஸில் இரண்டு காலுறை கூடுதலாகப் போட்டுக்கொண்டு சூளைக்குழிக்குப் போனேன். வியாழக்கிழமைதான் நண்பர் சங்கத்தார் சேர்ந்து வேலை செய்கிற நாள். ரோலண்ட் பெயர் கேட்டான், டோரின் என்றேன், ஹாஸ்லம் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. “வாங்க அம்மணி, கையுறை கொண்டு வந்தீங்களா, இங்க சும்மா வேடிக்கை பாக்க வர்றவங்கதான் ஜாஸ்தி” என்றான். கொண்டு வந்தேன் என்றேன். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவள் நான், கையுறையா பெரிது. அன்றைக்கு முள்ளை வெட்டி இழுத்தோம், பத்து மணிக்கு எல்லாருக்கும் இஞ்சிக் கேக் வெட்டிக் கொடுத்தேன், அவனுக்கு ஓரத்துண்டு, சர்க்கரை கெட்டியாகப் படிந்த துண்டு. “டோரின், நீங்க ஒரு பொக்கிஷம்” என்றான். அன்றிலிருந்து மழையோ பனியோ ஒரு வியாழன் தவறவில்லை. கோடையில் இளஞ்சிவப்புப் பூப் பூக்கிற பால்சம் களையை இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கினேன், குளிர்காலத்தில் நாணல் அறுத்தேன். வஞ்சம் தீர்க்கப் போனவளுக்கு எந்தப் பறவை முக்குளிப்பான், எது குருகு என்று குரலை வைத்தே தெரிந்துபோயிற்று, இது நான் கேட்காமல் வந்த கூலி.

ஆள் சேர்ப்பது கஷ்டமாகவே இல்லை, பாதி வேலையை அவனே செய்து கொடுத்தான். பெவ்வின் கிழட்டு நாயைப் பார்த்து விசில் ஊதினான், அது பயந்து கால்வாயில் விழுந்தது. பெவ் என்னிடம் வந்து, “இவன் என்ன கண்ணு, அவங்க அப்பன் வீட்டுக் குளம் மாதிரி ஊதுறான், ஒரு நாளைக்கு அந்த விசில அவன முழுங்க வெக்கிறேன் பாரு” என்றாள். முழுங்க வெக்க வேண்டாம், சங்கத்துல சேந்துடு, மார்ச் மாசக் கூட்டத்துக்கு வா, அதுவரைக்கும் மூச்சு விடாதே என்றேன். தூண்டில்காரர் டெரிக்கை அவருடைய தாத்தா காலத்து இடத்திலிருந்து எழுப்பிவிட்டிருந்தான், அவரிடமும் அதையே சொன்னேன். அவர் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மீன் பிடிக்கிறவனுக்கு மார்ச் வரைக்கும் காத்திருக்கக் கத்துக் குடுக்கணுமா டோரின்” என்றார். குழந்தைவண்டிகளோடு வருகிற பெண்களையும் ஒவ்வொருத்தியாகச் சேர்த்தேன். அவன் அறிவிப்பு மாட்ட மாட்ட என் பக்கம் ஆள் கூடிக்கொண்டே போனது.

இதற்குள் அவன் என்னை நம்பத் தொடங்கிவிட்டான், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பறவை பார்க்க நாணலுக்கு நடுவில் ஒரு மரக்குடில் கட்டவேண்டும் என்பது அவன் ஆசை, அதற்காகச் சங்கம் வருஷக்கணக்காகப் பழைய சாமான் விற்றும் கேக் விற்றும் நிதி சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவன் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினான், சன்னல் எந்தப் பக்கம், குருகு எங்கே நிற்கும், எல்லாம். பிறகு சிறுபிள்ளை மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு, “வாசல்ல சின்னதா ஒரு பலகை வெச்சு என் பேரப் போட்டா தப்பாத் தெரியுமா டோரின்? எனக்கப்புறம் பேரு சொல்ல யாரும் இல்ல, அதான்” என்றான். தப்பே இல்லை, பெரிசாவே போடலாம் என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தேன், அந்தத் தேநீர் எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா.

மார்ச் மாதம் தேவாலயக் கூடத்தில் வருடாந்தரக் கூட்டம். எப்போதும் வருகிற ஏழெட்டுப் பேருக்காகத்தான் அவன் நாற்காலி போட்டிருந்தான். நாங்கள் வந்துகொண்டே இருந்தோம், நாய்க்காரர்கள், தூண்டில்காரர்கள், இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள், கடைசியில் ஞாயிறு பள்ளிக் குட்டி நாற்காலிகளையும் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. சங்கம் வளர்ந்துவிட்டது என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. டெரிக் எழுந்து தலைவர் பதவிக்கு டோரின் பெயரை முன்மொழிகிறேன் என்றபோது, அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். கைகள் எழுந்ததும்தான் சிரிப்பு நின்றது. அப்போதும் அவன் கண்ணியமாகத்தான் நடந்துகொண்டான், அதை நான் மறைக்கவில்லை, எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தான், தன் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு ஒரு குட்டி நாற்காலிக்குப் போனான். எனக்கு அது போதவில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் குடில் நிதியை எடுத்தேன். குடில் வேண்டாம், அந்த நிதியில் காப்பிடத்து வாசலில் ஒரு கழிப்பறை கட்டுவோம் என்றேன்.

அவன் பாய்ந்து எழுந்தான். “இது இயற்கைக் காப்பிடம் அம்மணி, பேருந்து நிலையம் இல்ல. பறவைங்க முட்டையிடுற எடத்துல கழிப்பறைய வெச்சு அசிங்கப்படுத்தணுமா? யாருக்கு வேணும் அது?” என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வருஷமாகக் கேக் சுட்டேன், ஜில்லி. நான் எழுந்திருக்கக்கூட இல்லை. “யாருக்குன்னு நான் சொல்றேன் ரோலண்ட். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பர்ல நீங்க ஒருத்தரப் படம் புடிச்சீங்க. கடுகு கலர் குல்லா. அசிங்கம் புடிச்ச கிழவன்னு எழுதினீங்க. அவர் பேரு கிளிஃபர்ட் ஹாஸ்லம். இந்த ஊருக்குப் பேருந்து ஓட்டினவரு, இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேர அவர்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எறக்கிவிட்டாரு. அந்தப் படத்துக்கப்புறம் அவர் ஒரு மரத்தையும் பாக்காமச் செத்துப்போனாரு. நான் அவர் சம்சாரம்” என்றேன். கூடத்தில் ஒரு குழந்தை மட்டும் ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது.

அவன் என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையில் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. மறுத்துப் பேசுவான், தெரியாமல் செய்தேன் என்பான், படத்தை எடுத்துவிட்டேனே என்பான் என்று எல்லாவற்றுக்கும் நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. பதில்களெல்லாம் என் வாயிலேயே தங்கிவிட்டன. கழிப்பறைக்கு ஓட்டு விழுந்தது. அவன் கையும் எழுந்தது என்று பெவ் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை.

இத்தோடு நான் விட்டிருக்கலாம் என்பாய். விடவில்லை. வாயிற்கதவுச் சாவியை வாங்கினேன், அறிவிப்புகளை டெரிக்கை விட்டுப் பிடுங்கச் சொன்னேன், விசில் அவனுடைய சொந்தம் என்பதால் அதை மட்டும் விட்டேன். ஆகஸ்டில் கழிப்பறை திறந்தோம், சாய்வுக்கூரை போட்டு, தேவதாரு மணக்க, நன்றாகவே வந்திருக்கிறது, குழந்தைவண்டியோடு வருகிறவர்களுக்கும் ஏற்ற மாதிரி வாசல் அகலம். கதவில் “கிளிஃபர்ட் ஹாஸ்லம் நினைவாக” என்று பித்தளைப் பலகை. அப்பா இருந்திருந்தால் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். நாடா வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். முன்னாள் தலைவரைக் கூப்பிடுவதுதான் மரியாதை என்றேன். கத்தரிக்கோலை நானே அவன் கையில் கொடுத்தேன். அவன் பலகையைப் படித்தான், வெட்டினான், எல்லாரும் கைதட்டினார்கள், செய்தித்தாளுக்குப் படம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்தை உனக்கு இதோடு வைத்து அனுப்புகிறேன், அவன் முகத்தைப் பார். என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, நான் தினமும் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகும் அவன் வியாழக்கிழமைகளில் வந்தான். யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் களை பிடுங்கிவிட்டுப் போவான். அதுவும் என் கண்ணை உறுத்தியது. அப்பா போக முடியாத இடத்துக்கு இவன் மட்டும் எப்படி வரலாம். இனிமேல் உங்கள் உதவி தேவையில்லை என்று டெரிக்கை விட்டுச் சொல்லியனுப்பினேன். டெரிக்குக்கே அது பிடிக்கவில்லை, “விழுந்த மரத்த எத்தன தடவ டோரின் வெட்டுவ” என்று கேட்டார், ஆனாலும் போய்ச் சொன்னார். இதைத்தான் பெவ்வின் மகள் உனக்கு எழுதியிருக்கிறாள், ஊரே விரட்டியது என்று. ஊர் இல்லை, நான்தான். ஊரின் தலையில் போடாதே.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது, திறந்தால் ரோலண்ட், முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. “சாவி, பதவி, குடிலு, எல்லாம் நீங்க எடுத்துக்கிட்டது நியாயந்தான், நான் ஒண்ணும் கேக்க வரல. வியாழக்கிழமைய மட்டும் விட்டுடுங்க டோரின். எனக்கு வேற போக்கிடம் இல்ல” என்றான். “எங்க வீட்டுக்காரருக்கும் வேற போக்கிடம் இல்லாமத்தான் இருந்துச்சு” என்றேன். கதவைச் சாத்தப் போனேன். அவன் கதவைப் பிடிக்கவில்லை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “அவர் சொன்னது சரியாத்தான் போச்சு” என்றான்.

யார் சொன்னது என்று கேட்டேன். அவன் பயந்துபோனான், ஒண்ணுமில்ல, வாய் தவறிடுச்சு என்று படி இறங்கப் பார்த்தான். நான் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன், ஆமாம், உன் அம்மாதான், பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் வந்தது. அந்த நவம்பரில், கண் பரிசோதனைக்கு நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில், அப்பா நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். நீங்க படம் புடிச்ச ஆளு நான்தான், நான் அசிங்கம் புடிச்சவன் இல்ல, எனக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, பூங்காவுல பூட்டிட்டாங்க, அத உங்க கிட்ட நேர்ல சொல்லிடணும்னு வந்தேன் என்றாராம். இவன் வாசலிலேயே கூனிக் குறுகிப் போனானாம். அப்பா எதிரிலேயே படத்தை எடுத்துவிட்டானாம். பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டு அடுக்களையில் உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறான். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். செங்கல் சூளை எரிந்துகொண்டிருந்த காலத்தில் சின்னப் பையனாக அந்தக் குழிகளில் நீந்தினதை அப்பா சொன்னாராம், எந்த மூலையில் ஆழம், எங்கே பழைய தண்டவாளம் தண்ணீருக்குள் கிடக்கிறது என்பதெல்லாம். போகும்போது கை கொடுத்துவிட்டுப் போனாராம். மன்னிச்சுட்டேன், விடுங்க, ஆனா நான் இங்க வந்தது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனாராம்.

நீ பொய் சொல்கிறாய் என்றேன். ஏன் தெரியக்கூடாதுன்னு சொன்னாரு, அதச் சொல்லு என்றேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “அவளுக்குத் தெரியாம நான் உங்கள மன்னிச்சுட்டேன்னு தெரிஞ்சா மொதல்ல என்னையத்தான் கொல்லுவா. அப்புறம் உங்களப் பொதச்சு மேல நார்சிசஸ் பூக் கெழங்கு நட்டுட்டு, இந்த வருஷம் நல்லாப் பூத்திருக்குன்னு எல்லாருக்கும் காட்டுவா” என்றாராம். ஜில்லி, அந்த வாக்கியத்தை ரோலண்ட் டென்பி ஏழு ஜென்மம் எடுத்தாலும் சொந்தமாகச் சொல்ல முடியாது. அது உன் அப்பாதான். அப்பா செத்த பிறகு அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் யார் வாயிலிருந்து.

கூடத்தில் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “வாக்குக் குடுத்திருந்தேனே” என்றான். அவ்வளவு பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

இந்த இடத்தில் நான் அழுது, அவன் அழுது, இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம் என்று நீ எதிர்பார்த்தால் உன் அம்மாவை உனக்குத் தெரியாது என்று அர்த்தம். அப்பா மன்னித்தது அப்பாவின் பாடு. அவருக்கு நடந்ததை அவர் மன்னித்துவிட்டார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. திரைச்சீலைக்குப் பின்னால் என் கண் முன்னால் ஒரு மனுஷன் இற்றுப்போனதை நான் பார்த்தேனே, அது என் பாடு, அதை மன்னிக்கிற உரிமையை நான் அப்பாவுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கை கொடுத்துவிட்டு வந்தவர் மறுநாள் வெளியே போகவில்லையே, அந்த நாற்காலியில்தானே உட்கார்ந்தார். அதை ரோலண்டிடமும் சொன்னேன். மன்னிக்க மாட்டேன், நான் செத்தாலும் மாட்டேன் என்றேன். “தெரியும்” என்றான். அப்பா மேலும் எனக்குக் கோபம்தான். என்னிடம் கால் கனக்கிறது என்றவருக்கு ஊரின் அந்தக் கோடி வரைக்கும் நடக்க மட்டும் முடிந்ததா? எனக்குத் தெரியாமல் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு?

ஆனால் பார் ஜில்லி, அவன் படி இறங்கிப் போகையில் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பாவோடு வாழ்ந்த காலமெல்லாம் என்னிடம் இருக்கிறது, அந்த ஒரு நாள் மட்டும் என்னிடம் இல்லை. அது அந்த ஆளிடம் இருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அவனுக்கும் வயசாகிறது, நெஞ்சில் சளி வேறு, இன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு போகிறான், இவன் போய்ச் சேர்ந்தால் அதுவும் கூடவே போய்விடும். நான் வாசலில் நின்று கத்தினேன், வியாழக்கிழமை பத்து மணிக்கு வா, கையுறை கொண்டு வா, என் பக்கத்தில்தான் வேலை என்று. தெருவே திரும்பிப் பார்த்தது.

இப்போது வியாழன்தோறும் அவனை என் பக்கத்தில் முழங்காலிட வைத்து முள் வேரைத் தோண்ட வைக்கிறேன், தோண்டும்போதே கேட்கிறேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினாரா. முதலில் சிரித்தது யார். அவன் சொன்னதையே திரும்பச் சொன்னால் விடமாட்டேன், புதிதாக ஏதாவது நினைவுபடுத்திக்கொண்டு வந்தால்தான் கேக். போன வாரம் ரொம்ப யோசித்து, பிஸ்கட் இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, இது எங்க வீட்டம்மாவுக்குன்னு சொன்னார் என்றான். எனக்கு எந்த பிஸ்கட்டும் வரவில்லை. வழியிலேயே தின்றிருப்பார் திருடன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. ரோலண்டுக்கு ஓரத்துண்டு கொடுத்தேன். அவன் நன்றி என்றான், நான் பதில் சொல்லவில்லை.

அதிகமா இல்லையா, நீயே சொல். நீ என்ன சொன்னாலும் நான் மாறப்போவதில்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே உலகத்தின் தென்கோடியில் உங்களுக்கு இப்போது கோடை வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், பிள்ளைகளைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, உன் தோளில் அந்த மச்சத்தை டாக்டரிடம் காட்டு, காட்டினேன் என்று சும்மா சொல்லாதே. ஆண்ட்ரூவின் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் கொடு. நீங்கள் எல்லாரும் வேண்டியது கிடைத்து, வேண்டாதவர் யாரும் எதிர்ப்படாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. ஒன்றே ஒன்று மறக்காதே. அந்த மாதங்களில் அப்பா உன்னோடு தொலைபேசியில் என்னென்ன பேசினார் என்று உட்கார்ந்து யோசித்து எழுது, சின்னதாக இருந்தாலும் எழுது. ஒரு எதிரியிடம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், பெற்ற மகளிடமுமா நான் கேக்கைக் காட்ட வேண்டும்?

என்றும் உன் அம்மா,
டோரின் ஹாஸ்லம்